கம்பெனியின் அரசியல் நிதிக்குழுவுக்குச் சம்பளத்தில் பிடிக்கச் சொல்லலாமா?

அமெரிக்காவில் ஒரு பெரிய கம்பெனியில் மேனேஜர் பதவிக்கு வந்த சில வாரங்களில் ஒரு மின்னஞ்சல் வரும். அரசுத் தொடர்புத் துறையின் தலைவர் பெயரில் வரும். நம் தொழிலைப் பாதிக்கும் சட்டங்கள் வாஷிங்டனில் எழுதப்படுகின்றன, அங்கே நம் குரலும் கேட்க வேண்டும் என்று நாலு வரி இருக்கும். கீழே ஒரு பொத்தான். அதை அழுத்தினால் ஒவ்வொரு சம்பளத்திலும் 25 டாலரோ 50 டாலரோ பிடித்துக்கொள்வார்கள். 'பொலிட்டிக்கல் ஆக்‌ஷன் கமிட்டி' என்பது இதுதான். பேச்சில் 'பேக்' என்பார்கள். நான் இங்கே நிதிக்குழு என்றே எழுதுகிறேன்.

நம்மவர்கள் பலரும் இதை இரண்டே விதமாகத்தான் கையாள்கிறார்கள். மேலிடத்திலிருந்து வந்ததாயிற்றே என்று பொத்தானை அழுத்திவிடுவது ஒன்று. அரசியல் நமக்கெதற்கு என்று அஞ்சலை அழித்துவிடுவது இன்னொன்று. இரண்டிலுமே யோசனை இல்லை. கொடுப்பதற்கும் மறுப்பதற்கும் நல்ல காரணங்கள் உண்டு, அவை கம்பெனிக்குக் கம்பெனி, ஆளுக்கு ஆள் மாறும். அதை உட்கார்ந்து பார்ப்பதற்குத்தான் இந்தக் கட்டுரை.

யார் கொடுக்கலாம் என்பதை முதலில் முடித்துவிடுவோம். எச்-1பி, எல்-1 போன்ற விசாவில் இருப்பவர்கள் கொடுக்கவே கூடாது. வெளிநாட்டவர் பணம் அமெரிக்காவின் எந்தத் தேர்தலிலும் நுழையக் கூடாது என்பது மத்தியச் சட்டம். உள்ளூர்ப் பள்ளிக் குழுத் தேர்தலுக்கும் அது பொருந்தும். தவறுதலாக உங்களுக்கும் மின்னஞ்சல் வந்துவிட்டால்கூட அழுத்த வேண்டாம். கிரீன் கார்டு வந்துவிட்டால் தாராளமாகக் கொடுக்கலாம், ஓட்டுப் போடத்தான் கூடாது. இந்த இரண்டையும் குழப்பிக்கொள்பவர்கள் நம்மிடையே நிறைய. விசாவில் இருக்கும் நண்பர் "என் பங்கையும் சேர்த்து உன் பெயரில் கொடுத்துவிடு" என்று பணம் நீட்டினால் வாங்காதீர்கள். இன்னொருவர் பணத்தைத் தன் பெயரில் கொடுப்பது குற்றம்.

அடுத்து, இது யார் பணம் என்பது. இந்தியாவில் வளர்ந்தவர்களுக்கு இங்கே ஒரு குழப்பம் வரும். ஊரில் கம்பெனியே தன் கணக்கிலிருந்து கட்சிக்குப் பணம் கொடுக்கலாம். 2024 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் ரத்து செய்த தேர்தல் பத்திரங்களைப் பெருமளவு வாங்கிக் குவித்ததும் கம்பெனிகள்தான். அமெரிக்காவில் அதிபர் தேர்தலிலோ நாடாளுமன்றத் தேர்தலிலோ நிற்கும் வேட்பாளருக்குக் கம்பெனி தன் கஜானாவிலிருந்து ஒரு டாலர்கூட நேரடியாகக் கொடுக்க முடியாது. 1907-இல் வந்த டில்மன் சட்டம் தொட்டு இதுதான் விதி. நிதிக்குழு என்கிற வழியை முதலில் கண்டுபிடித்தவை தொழிற்சங்கங்கள். 1943-இல் சங்கப் பணத்துக்கும் தடை வந்தது. உடனே சிஐஓ என்ற தொழிற்சங்கக் கூட்டமைப்பு, தேர்தலுக்கென்று தனியாக ஒரு குழுவைத் தொடங்கியது. கம்பெனிகளுக்குக் கதவு அகலத் திறந்தது 1975-இல். சன் ஆயில் கம்பெனி கேட்ட ஒரு கேள்விக்குத் தேர்தல் ஆணையம் பதில் சொன்னது: ஊழியர்களிடம் வசூலிக்கலாம், குழுவை நடத்தும் செலவைக் கம்பெனியே ஏற்கலாம்.

அதாவது காசோலையில் இருப்பது கம்பெனியின் பெயர், அதில் போகும் பணம் ஊழியர்களுடையது. அலுவலகம், கணக்கர், வக்கீல் செலவு கம்பெனியுடையது. யாருக்கு எவ்வளவு என்று முடிவு செய்வது மேல்மட்டத்தில் சில பேர். இந்தப் பிரிவினையை மனதில் வைத்துக்கொண்டால் மற்றதெல்லாம் விளங்கும்.

கொடுத்தால் என்ன நடக்கிறது

ஒரு நிதிக்குழு ஒரு வேட்பாளருக்கு ஒரு தேர்தலுக்கு 5,000 டாலர் கொடுக்கலாம். கட்சிக்குள் நடக்கும் முதல் கட்டத் தேர்தலும் பொதுத் தேர்தலும் தனித்தனிக் கணக்கு என்பதால் மொத்தம் 10,000. விலைவாசியோடு ஏறாத வரம்பு இது. 1970-களில் வைத்தது அப்படியே இருக்கிறது. பல லட்சம் டாலர் செலவாகும் பிரச்சாரத்தில் இது பெரிய தொகையா என்றால் இல்லை. பின் எதற்கு?

2021 ஜனவரியில் மைக்ரோசாஃப்ட் தலைவர் பிராட் ஸ்மித் தன் ஊழியர்களிடம் இதை விளக்கிய பேச்சு வெளியே வந்தது. காசோலை பெரிதென்பதால் இது முக்கியமில்லை, அரசியல் இப்படித்தான் நடக்கிறது என்பதால்தான் முக்கியம் என்றார். நிதி திரட்டும் விருந்துகளுக்கு அழைப்பார்கள், போக வேண்டுமென்றால் காசோலை எழுத வேண்டும், அங்கே பழக்கம் உண்டாகும், பிற்பாடு ஒரு விஷயத்துக்காகத் தொடர்புகொண்டால் நம் ஆட்கள் வந்து போனதை நினைவில் வைத்திருப்பார்கள் என்பது அந்தப் பேச்சின் சாரம். இவ்வளவு வெளிப்படையாக ஒருவர் சொன்னதை நான் மதிக்கிறேன். விளம்பரத் துண்டுகளில் வரும் 'ஜனநாயகப் பங்கேற்பு' என்ற வார்த்தைகளைவிட இது உண்மைக்குப் பக்கத்தில் இருக்கிறது.

அதனால்தான் கம்பெனி நிதிக்குழுக்களின் பணம் இரண்டு கட்சிகளுக்கும் போகிறது, பதவியில் இருப்பவர்களுக்கே அதிகம் போகிறது. பாதுகாப்புத் தளவாடக் கம்பெனி ராணுவ விவகாரக் குழுவில் உட்கார்ந்திருப்பவரைப் பார்க்கும். வங்கி, நிதிச் சேவைகள் குழுவைப் பார்க்கும். அந்த உறுப்பினர் கருக்கலைப்பு, துப்பாக்கி, வாக்குரிமை பற்றி என்ன நினைக்கிறார் என்பது அந்தக் கணக்கில் வராது. இதைத் தப்பென்று நான் சொல்லவில்லை. தொழில் நலனுக்காக வைத்திருக்கும் கருவி தொழில் நலனைத்தான் பார்க்கும். இதைச் சமூக மனசாட்சி என்று எண்ணிப் பணம் கொடுப்பதில்தான் சிக்கல் தொடங்குகிறது.

நமக்கு நெருக்கமான ஒரு விஷயத்தையே எடுத்துக்கொள்வோம். கிரீன் கார்டுக்கு நாட்டுக்கு 7 சதவீதம் என்ற உச்சவரம்பு இருப்பதால் இந்தியர்கள் பத்து, இருபது ஆண்டுகள் காத்திருக்கிறார்கள். வேலை சார்ந்த விண்ணப்பங்களுக்கு அந்த வரம்பை எடுக்கும் மசோதா 2019 ஜூலையில் கீழவையில் 365-க்கு 65 என்ற கணக்கில் நிறைவேறியது. தொழில்நுட்பக் கம்பெனிகள் இதை ஆதரித்தன. கம்பெனியின் நலனும் ஊழியரின் நலனும் இதைவிடப் பொருந்தும் இடம் கிடையாது. செனட்டில் இதைத் தூக்கிச் சுமந்தவர் யூட்டாவின் குடியரசுக் கட்சி உறுப்பினர் மைக் லீ. அவர் பல சமூக விஷயங்களில் தீவிரப் பழமைவாதி. கிரீன் கார்டு வரிசையில் நிற்கும் நண்பர்களுக்காக அவரை ஆதரிக்கலாமா, மற்ற நிலைப்பாடுகளுக்காக விலகலாமா என்பது ஒவ்வொருவரும் தனக்குத்தானே கேட்க வேண்டிய கேள்வி. நிதிக்குழு வழியாகக் கொடுத்தால் அந்தக் கேள்வியே உங்களிடம் வராது, வேறு யாரோ பதில் சொல்லியிருப்பார்கள். அப்புறம், 2020 டிசம்பரில் செனட்டும் ஒரு மாறுபட்ட வடிவத்தை நிறைவேற்றியது, ஆனால் இரண்டு அவைகளும் ஒரே வடிவத்துக்கு வரவில்லை, மசோதா செத்துப்போனது. இத்தனை தொடர்புகள் இருந்தும் வேலை முடியவில்லை என்பதையும் கணக்கில் வைக்க வேண்டும்.

கொடுப்பதற்கு இன்னொரு தூண்டிலும் உண்டு. நீங்கள் நிதிக்குழுவுக்கு 100 டாலர் கொடுத்தால், நீங்கள் சொல்லும் தர்ம ஸ்தாபனத்துக்குக் கம்பெனி 100 டாலர் கொடுக்கும் என்று சில கம்பெனிகள் அறிவிக்கின்றன. சட்டப்படி இது செல்லும். ஆனால் உங்கள் 100 டாலருக்கு வரிச்சலுகை கிடையாது. பல கம்பெனிகளில் தர்ம நன்கொடைக்கே நேரடி ஈட்டுத்தொகைத் திட்டம், அதாவது நீங்கள் கொடுப்பதற்கு ஈடாகக் கம்பெனியும் அங்கேயே கொடுக்கும் திட்டம், இருக்கிறது. உங்கள் நோக்கம் பசித்தவருக்குச் சோறு போடுவது என்றால் அந்த வழியில் இருவர் பணமும் அங்கேயே சேரும். முதலில் அதன் ஆண்டு வரம்பு வரை பயன்படுத்துங்கள்.

கம்பெனி பேசுவதும் கம்பெனி கொடுப்பதும்

2021 மார்ச்சில் ஜார்ஜியா மாநிலம் வாக்களிப்பு விதிகளை இறுக்கி ஒரு சட்டம் கொண்டுவந்தது. அட்லாண்டாவைத் தலைமையிடமாகக் கொண்ட டெல்டா ஏர்லைன்ஸின் தலைவர் எட் பாஸ்டியன், அது கையெழுத்தாகி ஒரு வாரத்துக்குள் ஏற்கவே முடியாத சட்டம் என்று எழுதினார். கோகோ கோலாவும் எதிர்த்தது. பேஸ்பால் லீக் தன் நட்சத்திர ஆட்டத்தை அட்லாண்டாவிலிருந்து டென்வருக்கு மாற்றியது. கோபமான ஜார்ஜியா கீழவை, டெல்டாவுக்குக் கிடைத்துவந்த விமான எரிபொருள் வரிச்சலுகையை எடுக்க வாக்களித்தது. மேலவை அதைத் தொடாமலே கலைந்ததால் டெல்டா தப்பித்தது.

அப்போது செனட்டில் குடியரசுக் கட்சித் தலைவராக இருந்த மிட்ச் மெக்கானல், கம்பெனித் தலைவர்கள் அரசியலிலிருந்து விலகி இருக்க வேண்டும் என்று அறிவுரை சொன்னார். கூடவே, அரசியல் நன்கொடைகளைப் பற்றி நான் பேசவில்லை என்றும் சேர்த்துக்கொண்டார். மறுநாள் கொஞ்சம் இறங்கி வந்து, சரியான வார்த்தைகளில் சொல்லவில்லை என்றார். எனக்கு அந்த முதல் பேச்சுதான் முக்கியமாகத் தெரிகிறது. வாய் திறக்காதே, காசோலையை மட்டும் அனுப்பு என்பதுதான் அதன் பொருள். கம்பெனி ஊழியர் இதைக் கேட்டுவிட்டுத் தன் சம்பளப் பிடித்தத்தைப் பற்றி யோசிக்காமல் இருக்க முடியாது, ஏனென்றால் அந்தக் காசோலை அவருடையது.

டிஸ்னியின் கதை இன்னும் கசப்பானது. 2022 தொடக்கத்தில் ஃபுளோரிடா சட்டமன்றத்தில் ஒரு மசோதா வந்தது. மழலையர் வகுப்பிலிருந்து மூன்றாம் வகுப்பு வரை பாலியல் சார்பு, பாலின அடையாளம் பற்றி வகுப்பறையில் பாடம் நடத்தக் கூடாது என்பது அதன் மையம். கம்பெனி ஏன் வாய் திறக்கவில்லை என்று ஊழியர்கள் கேட்டார்கள். மசோதாவை ஆதரித்தவர்களுக்கு டிஸ்னி நன்கொடை கொடுத்திருந்தது தெரிய வந்ததும் கோபம் இரட்டிப்பானது. (மாநிலத் தேர்தல்களில் விதி வேறு. ஃபுளோரிடாவில் கம்பெனி தன் பணத்தையே கொடுக்கலாம்.) தலைமை நிர்வாகி பாப் சாப்பெக், கம்பெனி அறிக்கைகளால் யார் மனமும் மாறுவதில்லை என்ற தொனியில் முதலில் ஊழியர்களுக்கு எழுதினார். அடுத்த சில நாளில் நடந்த பங்குதாரர் கூட்டத்தில், தன்பாலினர், திருநர் உரிமைக்காகப் பாடுபடும் ஹியூமன் ரைட்ஸ் கேம்பெய்ன் உள்ளிட்ட அமைப்புகளுக்கு 50 லட்சம் டாலர் தருவதாகச் சொன்னார். உருப்படியாக ஏதாவது செய்துவிட்டு வாருங்கள் என்கிற மாதிரி அந்த அமைப்பு பணத்தை வாங்க மறுத்துவிட்டது. மார்ச் 11-ஆம் தேதி சாப்பெக் மன்னிப்புக் கேட்டு, ஃபுளோரிடாவில் எல்லா அரசியல் நன்கொடைகளையும் நிறுத்திவைத்தார். அதன் பிறகும் ஊழியர்கள் வெளிநடப்புச் செய்தார்கள். மசோதா சட்டமானது. ஆளுநர் ரான் டிசான்டிஸ், டிஸ்னி வேர்ல்டுக்கு 1967 முதல் இருந்துவந்த தனி நிர்வாக மாவட்டத்தின் மேல் கைவைத்தார். 2024 மார்ச்சில் சமரசம் ஏற்படும் வரை வழக்கும் எதிர்வழக்குமாக இழுத்தது.

இதில் நான் பார்ப்பது இதுதான். பல ஆண்டுகளாகப் போன நன்கொடைகள், வம்பு வந்த நேரத்தில் டிஸ்னிக்குப் பாதுகாப்பும் தரவில்லை, ஊழியர்கள் விரும்பிய திருத்தத்தையும் வாங்கித் தரவில்லை. கம்பெனி கடைசியில் பேசியபோது இரண்டு பக்கமும் நம்பவில்லை, ஏனென்றால் பேச்சுக்கு முன்பே பணம் பேசிவிட்டிருந்தது. பேசினால் எப்போதும் அடிதான் என்றும் சொல்ல முடியாது. 2016-இல் அரசுக் கட்டடங்களில் திருநர்கள் பிறப்புச் சான்றிதழில் உள்ள பாலினத்துக்கான கழிப்பறையையே பயன்படுத்த வேண்டும் என்ற வட கரோலினாவின் சட்டத்தை எதிர்த்து பேபால் சார்லட்டில் 400 பேர் வேலை செய்யும் மையத்தைத் திறக்கும் திட்டத்தைக் கைவிட்டது, என்பிஏ தன் நட்சத்திர ஆட்டத்தை மாற்றியது, அடுத்த ஆண்டு அந்தச் சட்டத்தின் பெரும்பகுதி திரும்பப் பெறப்பட்டது. அங்கே பேச்சுக்குப் பின்னால் வேலைகளும் முதலீடும் இருந்தன.

நிறுத்துவது, மூடுவது, இல்லாமலே இருப்பது

2021 ஜனவரி 6-ஆம் தேதி நாடாளுமன்றக் கட்டடத்தில் நடந்த வன்முறைக்குப் பிறகும் 147 குடியரசுக் கட்சி உறுப்பினர்கள் அதிபர் தேர்தல் முடிவை ஏற்க மறுத்து வாக்களித்தார்கள். அடுத்த சில நாட்களில் கம்பெனிகள் வரிசையாக அறிவிப்பு வெளியிட்டன. மேரியட் அந்த உறுப்பினர்களுக்குக் கொடுப்பதை நிறுத்தியது, ஏடி&டி, அமேசான், வால்மார்ட் எனப் பலரும் தொடர்ந்தார்கள். ஹால்மார்க் இரண்டு செனட்டர்களிடம் கொடுத்த பணத்தைத் திருப்பிக் கேட்டது. சார்ல்ஸ் ஷ்வாப் தன் நிதிக்குழுவையே மூடி, மீதமிருந்ததைச் சிறுவர் மன்றங்களுக்கும் கறுப்பினக் கல்லூரிகளுக்கும் கொடுப்பதாக அறிவித்தது.

இந்த நிறுத்தங்களில் எல்லாம் ஒரே எடை இல்லை. எல்லோருக்கும் சில மாதம் கொடுப்பதில்லை என்று சொல்வது தேர்தல் முடிந்த கையோடு வரும் ஓய்வு மாதங்களில் செலவில்லாத அறிவிப்பு. குறிப்பிட்ட வாக்கைக் காரணம் காட்டி, இரண்டு ஆண்டு கொண்ட ஒரு முழுத் தேர்தல் சுற்றுக்குக் கொடுக்க மாட்டோம் என்று மைக்ரோசாஃப்ட் அறிவித்தது வேறு ரகம், ஏனென்றால் அதில் யாரை இழக்கிறோம் என்பது தெரிந்தே செய்தது. டொயோட்டாவைப் பாருங்கள். 2021-இன் முதல் பாதியில் அந்த 147 பேரில் 37 பேருக்கு 55,000 டாலர் கொடுத்திருந்தது அம்பலமானது. கண்டன விளம்பரங்கள் வந்தன, ஜூலையில் நிறுத்தியது, 2022-இல் மீண்டும் கொடுக்கத் தொடங்கியது. ஆகவே "எங்கள் கம்பெனி நிறுத்திவிட்டதே" என்று ஒருவர் சொன்னால், எப்போது வரை என்பதே அடுத்த கேள்வியாக இருக்க வேண்டும்.

நிதிக்குழுவே இல்லாத பெரிய கம்பெனிகள் உண்டு. ஐபிஎம்முக்கு நெடுங்காலமாகவே கிடையாது. ஆப்பிளுக்கும் கிடையாது. இதைக் கேட்டதும் பலருக்கும் "நல்ல கம்பெனி" என்று தோன்றும். எனக்கு அவ்வளவு சுலபமாகத் தோன்றவில்லை. இரண்டுமே வாஷிங்டனில் ஆள் வைத்துப் பரிந்து பேசுகின்றன. 2025 அதிபர் பதவியேற்பு விழா நிதிக்கு ஆப்பிளின் டிம் குக் சொந்தப் பணத்தில் 10 லட்சம் டாலர் கொடுத்தார் என்று செய்தி வந்தது. மெட்டாவும் அமேசானும் கம்பெனிப் பணத்தையே கொடுத்தன. பதவியேற்பு விழா நிதிக்கு 5,000 டாலர் என்ற வரம்பெல்லாம் இல்லை. 2010-இல் அமெரிக்க உச்ச நீதிமன்றத்தின் சிட்டிசன்ஸ் யுனைட்டட் தீர்ப்பு வந்த பிறகு, வேட்பாளரோடு கலந்து பேசாமல் தனியாகச் செலவு செய்யும் சூப்பர் பேக் எனப்படும் குழுக்களுக்குக் கம்பெனி தன் கஜானாவிலிருந்து எவ்வளவு வேண்டுமானாலும் கொடுக்கலாம். 2020-இல் கிரிப்டோ நாணயச் சந்தை நடத்தும் காயின்பேஸின் தலைமை நிர்வாகி பிரையன் ஆம்ஸ்ட்ராங், கம்பெனி தன் நோக்கத்துக்கு வெளியே உள்ள அரசியலிலும் சமூக விஷயங்களிலும் ஈடுபடாது, பிடிக்காதவர்கள் இழப்பீடு வாங்கிக்கொண்டு போகலாம் என்றார். சுமார் 60 பேர் போனார்கள். 2024 தேர்தலில் அதே கம்பெனி, கிரிப்டோவுக்கு ஆதரவான ஃபேர்ஷேக் என்ற சூப்பர் பேக்குக்குக் கோடிக்கணக்கான டாலர் கொடுத்தது. கிரிப்டோ அவர்கள் நோக்கத்துக்குள் வருவதால் சொன்ன வார்த்தையை மீறவில்லை என்று அவர்கள் வாதிடலாம். ஆனால் 'அரசியல் வேண்டாம்' என்ற வாசகத்தை நம்பி வேலைக்குச் சேரும் இளைஞர், பணம் எந்த வாசலில் போகிறது என்றும் பார்த்துக்கொள்ள வேண்டும்.

வர்த்தகச் சங்கங்கள் இன்னொரு வாசல். அமெரிக்க வர்த்தக சபை போன்றவற்றுக்குக் கம்பெனி கட்டும் சந்தா எவ்வளவு, அதில் எவ்வளவு தேர்தலுக்குப் போகிறது என்பதை வெளியில் சொல்ல வேண்டிய கட்டாயம் இல்லை. இத்தனையும் பார்த்த பிறகு நான் வந்து நிற்கும் இடம் சிலருக்கு வியப்பாக இருக்கலாம்: இருக்கும் வாசல்களிலேயே வெளிச்சம் அதிகமுள்ளது இந்த நிதிக்குழுதான். ஒவ்வொரு டாலரும் பதிவாகிறது, தொகைக்கு வரம்பு இருக்கிறது, மறுக்கும் உரிமை ஊழியர் கையில் இருக்கிறது. "நிதிக்குழுவை மூடு" என்று மட்டும் போராடி வென்றால், பணம் வெளிச்சமில்லாத வாசலுக்கு நகர்ந்துவிடும் அபாயம் உண்டு.

கணக்கைத் திறந்து பாருங்கள்

மத்தியத் தேர்தல் ஆணையமான எஃப்இசியின் இணையதளத்தில் உங்கள் கம்பெனி பெயரைத் தட்டுங்கள். குழுவின் பெயரில் கம்பெனியின் பெயர் இருந்தே ஆக வேண்டும் என்பது விதி என்பதால் கண்டுபிடிப்பது சுலபம். அறிக்கைக்குள் இரண்டு பகுதிகள். வரவுப் பகுதியில் ஆண்டுக்கு 200 டாலருக்கு மேல் கொடுத்தவர்களின் பெயர், ஊர், பதவி, தேதி, தொகை எல்லாம் இருக்கும். சம்பளத்துக்கு 25 டாலர் என்று பிடித்தால், இரண்டு வாரத்துக்கு ஒருமுறை சம்பளம் வாங்குபவர் ஆண்டு நடுவிலேயே இந்தப் பட்டியலில் ஏறிவிடுவார். உங்கள் மேலாளர் பெயரும் அதே பக்கத்தில் இருக்கும். 200 டாலருக்கு மேல் யார் கொடுக்கிறார்கள் என்பதை யாரும் பார்க்கலாம் என்பதைத் தெரிந்துகொண்டே முடிவெடுங்கள்.

செலவுப் பகுதிதான் விஷயம். ஒரு வரியில் வேட்பாளரின் குழுப் பெயர், மாநிலம், தொகுதி எண், எந்தத் தேர்தல், 1,000 அல்லது 2,500 டாலர். பக்கம் பக்கமாகப் போகும். அதை அப்படியே இறக்கிக்கொண்டு, இரண்டு தேர்தல் சுற்றுகளுக்காவது பாருங்கள். ஒரு சுற்று போதாது, அறிவிப்புகளின் சூடு ஆறிய பிறகு என்ன நடந்தது என்பது இரண்டாம் சுற்றில்தான் தெரியும். உங்களுக்கு உயிர்நிலையான விஷயங்கள் இரண்டோ மூன்றோ இருக்குமே, அவற்றில் அந்தப் பெயர்கள் எப்படி வாக்களித்தன என்று தேடுங்கள். உள்ளூர் உறுப்பினர் யாராவது இருக்கிறாரா, ஆலை இருக்கும் தொகுதிக்காரரா, அல்லது தலைமைப் பதவியில் இருப்பதால் மட்டும் கொடுத்ததா என்பதும் கொஞ்ச நேரத்தில் பிடிபடும். எஸ்&பி 500 கம்பெனிகள் தங்கள் அரசியல் செலவை எவ்வளவு திறந்து சொல்கின்றன என்று ஆண்டுதோறும் மதிப்பெண் போடும் சிபிஏ-ஸிக்லின் குறியீட்டில் உங்கள் கம்பெனி எங்கே நிற்கிறது என்பதையும் ஒரு பார்வை பார்க்கலாம்.

நேரடியாகக் கொடுப்பது

உங்கள் பணம் யாருக்குப் போகிறது என்பதில் உங்களுக்கு அக்கறை இருந்தால், நேரடியாக வேட்பாளருக்குக் கொடுப்பதே மேல் என்பது என் கருத்து. 2025-26 சுற்றில் ஒருவர் ஒரு வேட்பாளருக்குத் தேர்தலுக்கு 3,500 டாலர் வரை கொடுக்கலாம். கம்பெனி நிதிக்குழுவின் 5,000 வரம்போடு ஒப்பிட்டால் தனிமனிதர் ஒன்றும் குட்டையில்லை. முதல் முறை நிற்பவருக்கும் கொடுக்கலாம், நிதிக்குழு பெரும்பாலும் தொடாத ஆள் அவர். மாநிலச் சட்டமன்றம், நகர மன்றம், பள்ளிக் குழு போன்ற இடங்களில் 100 டாலருக்கே மதிப்பு உண்டு. வேட்பாளர் நன்றி சொல்ல உங்களையே கூப்பிடுவார், அந்தத் தொடர்பு உங்கள் பெயரில் உருவாகிறது. சிலிக்கான் பள்ளத்தாக்குத் தொகுதியின் ரோ கன்னா போல எந்த நிதிக்குழுப் பணமும் வாங்காத உறுப்பினர்களும் இருக்கிறார்கள். அவர்களுக்குக் கொடுக்க நேரடி வழிதான் உண்டு.

இதிலும் குறை உண்டு. நீங்களே தேடிப் படிக்க வேண்டும். ஆக்ட்ப்ளூ (ஜனநாயகக் கட்சி), வின்ரெட் (குடியரசுக் கட்சி) என்ற நன்கொடைத் தளங்கள் வழியாகக் கொடுத்தால் 10 டாலரும் பெயரோடு பதிவாகும். ஒருமுறை கொடுத்தால் கேட்டுக் கேட்டு வரும் குறுஞ்செய்திகளுக்கு அளவே இருக்காது. உங்கள் துறையின் நுணுக்கமான சட்டச் சிக்கல் எதையும் இது தீர்க்காது, அதற்கு நிதிக்குழுவின் கூட்டுப் பணமும் பழக்கமும்தான் கொஞ்சமாவது உதவும்.

அதனால் ஆளுக்கு ஆள் பதில் மாறும். மருந்து, விமானம், மின்சாரம், வங்கி மாதிரி ஒவ்வொரு விதியும் சம்பளத்தைத் தொடும் துறையில் இருந்து, கணக்கைப் பார்த்ததில் உறுத்தும் பெயர்கள் அதிகம் இல்லையென்றால், ஆண்டுக்கு 200 டாலருக்குள் நிதிக்குழுவுக்குக் கொடுப்பதில் தவறில்லை. அப்படிக் கொடுப்பவர் நிதிக்குழுக் கூட்டத்தில் கேள்வியும் கேட்க வேண்டும், உறுப்பினர் கேட்கும் கேள்விக்கு வெளியாள் குரலைவிட மரியாதை அதிகம். ஒரு சமூக விஷயம் உங்கள் குடும்பத்தையே தொடுகிறது, கணக்கில் அதற்கு எதிராக வாக்களித்தவர்கள் நிறைந்திருக்கிறார்கள் என்றால், கொடுக்காதீர்கள். தன்பாலினர் உரிமையைக் கொண்டாடும் ஜூன் மாதத்தில் கம்பெனி இலச்சினை வானவில் நிறத்தில் இருந்தாலும் சரி. புதிதாக கிரீன் கார்டு வாங்கி, எதற்கும் பெயர் வெளியே வர வேண்டாம் என்று நினைப்பவர் தர்ம ஈட்டுத்தொகையோடு நிறுத்திக்கொள்ளலாம். அது கோழைத்தனம் ஆகாது.

மறுப்பதால் வேலைக்கு ஆபத்து வருமா என்று பலர் கேட்கிறார்கள். கேட்கும்போதே, இது அரசியல் பணம், மறுத்தால் எந்தப் பழிவாங்கலும் இருக்காது, சொல்லும் தொகை வெறும் யோசனைதான் என்று எழுதித் தர வேண்டும் என்பது சட்டம். நீங்கள் ஒப்புக்கொள்ளாமல் தானாகவே பிடிக்கத் தொடங்குவதும் கூடாது. உங்கள் நேரடி மேலாளரே வந்து "எல்லோரும் கொடுத்தாச்சு, நீதான் பாக்கி" என்றால் அது வரம்பு மீறல். தேதியோடு குறித்துவைத்துக்கொண்டு சட்டப் பிரிவுக்குச் சொல்லுங்கள்.

முடிவெடுக்கும் முன் அந்த மின்னஞ்சலுக்கு ஒரு பதில் போடலாம், வம்பு செய்யும் தொனி இல்லாமல். கடந்த இரண்டு சுற்றில் யார் யாருக்குக் கொடுத்தீர்கள், எந்த அளவுகோலில்? அந்த அளவுகோலில் வாக்குரிமையும் ஊழியர்களைத் தொடும் சமூகச் சட்டங்களும் இடம்பெறுகின்றனவா? வர்த்தகச் சங்கங்களுக்கும் சூப்பர் பேக்குகளுக்கும் கம்பெனி கட்டுவதை வெளியிடுகிறீர்களா? முதல் கேள்விக்கு அச்சடித்த பதிலாகக் கேட்ட அன்றே வந்துவிடும். மூன்றாவதுக்கு நாளாகும். அது வரும்வரை பொத்தானை அழுத்தாமல் காத்திருக்கலாம், சம்பளப் பிடித்தத்தை எந்த மாதத்திலும் தொடங்கிக்கொள்ளலாம்.